உன் கால்களும் என் முதுகும்

கண்ணு,

நீ போனில் சொன்னதை இன்னும் நான் மென்று விழுங்க முடியாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன். என் முதுகு ஆபரேஷனுக்குச் சென்னையில் ஆஸ்பத்திரி பார்த்துவிட்டாய், டாக்டரைப் பார்த்துவிட்டாய், எனக்குக் கொடுக்கப்போகிற ரூமில் ஜன்னல் இருக்கிறதா என்பது வரைக்கும் விசாரித்துவிட்டாய். உன் பெண்டாட்டி கவிதா லீவு போட்டுக்கொண்டு வந்து கூடவே இருப்பாள் என்றாய். "நீ எப்படா வர்ற?" என்று நான் கேட்டதற்கு மட்டும், பூனாவில் வேலை இருக்கிறது என்றுகூடச் சொல்லாமல், மெதுவாக, "நான் வேணாம்மா. நான் இல்லாம நடந்தா நல்லபடியா நடக்கும்" என்றாய். பெற்ற பிள்ளை அம்மாவிடம் சொல்கிற பேச்சா இது? கோபத்தில் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் அது எந்தப் பேச்சு என்று புரிந்தது. நீ பதினோரு வயதில் சொல்லாமல் விழுங்கிய பேச்சு. அதை இத்தனை வருஷம் கழித்து வாய்விட்டுச் சொல்லிவிட்டாய். இனி நானும் சொல்லித்தான் ஆகவேண்டும். போனில் சொல்ல எனக்கு வராது, பாதியில் அழுதுவிடுவேன், நீயும் "சரிம்மா, சரிம்மா" என்று பேச்சை முடித்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உட்கார முடிகிற வரைக்கும் எழுதுவேன், வலித்தால் படுத்துக்கொண்டு மறுபடி எழுதுவேன். நீ பொறுமையாகப் படி.

உன் அப்பா போன பிறகு இந்த வீட்டில் அவர் நடக்கிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. இதை உன்னிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அன்றைக்கே வந்து என்னை மூட்டை கட்டியிருப்பாய். அவர் நடை உனக்குத் தெரியும். வலது கால் ஒழுங்காக ஊன்றும், இடது பாதம் மட்டும் தொப்பென்று தரையில் விழும், பிறகு கொஞ்சம் இழுபடும். அந்தச் சத்தம்தான். நான் சமையலறையிலிருந்து கூடத்துக்கு வந்தால் கூடவே வரும், நான் நின்றால் நின்றுவிடும். பயமாக இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் பயத்தைவிடத் துணை ஜாஸ்தியாக இருந்தது. ஒரு நாள் திரும்பிப் பார்க்காமலே, "இன்னாங்க, காபி போடட்டுமா?" என்றுகூடக் கேட்டேன். போன பொங்கலுக்கு நீ வராமல் கவிதாவையும் குழந்தையையும் மட்டும் அனுப்பினாயே, அப்போது அவள்தான் சொன்னாள். "அத்தை, காலைத் தூக்கி வச்சி நடங்க. தொப்பு தொப்புன்னு வைக்கறீங்க. மாமா நடந்த மாதிரியே இருக்குது." நான் அப்படியே நின்றுவிட்டேன். குனிந்து என் காலைப் பார்த்தேன். அத்தனை நாளும் என் பின்னால் வந்தது என் கால்தான். அவர் வரவே இல்லை. அன்றைக்கு நான் படுத்துக்கொண்டு அழுதது முதுகுவலியால் என்று கவிதா நினைத்துக்கொண்டாள், தைலம் தேய்த்துவிட்டாள்.

இனி உனக்குப் பதினோரு வயதானபோது விடிந்த அந்தக் காலைப்பொழுதைப் பற்றிச் சொல்கிறேன். உனக்குத் தெரியாதது இல்லை, ஆனால் உனக்கு அது ஒரு பையனின் கண்ணால்தான் தெரியும். நீ காலால் பிறந்தவன். பிரசவத்தில், "கால் வருது, கால் வருது" என்று நர்ஸ் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. நானும் நீயும் பிழைத்ததே பெரிய விஷயம் என்று நான் கிடந்தேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து உன் அத்தை வந்து உன் பாதத்தைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, "இடுப்புப் புடிப்புக்கு இனிமே வெளிய போவ வேணாம், நம்ம ஊட்டுலயே ஆளு வந்தாச்சு" என்றாள். காலால் பிறந்த பிள்ளை மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் இருக்கிற நம்பிக்கை. நீ நன்றாக நடக்க ஆரம்பித்ததும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நிலத்தில் மல்லாட்டை பிடுங்கி மூட்டை தூக்கியவர்கள், நாள் முழுக்கக் குனிந்து களை பறித்தவர்கள், பௌர்ணமிக்கு மலை சுற்றிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நம் வாசலில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் கூடத்தில் பாய் விரித்துக் குப்புறப் படுப்பார்கள். நீ காலைக் கழுவிக்கொண்டு வந்து, சுவரைப் பிடித்தபடி குதிகாலால் நீவுவாய், பிறகு அழுத்துவாய். எழுந்து போகும்போது உனக்கு வாழைப்பழமோ பிஸ்கெட் பாக்கெட்டோ கிடைக்கும். சர்க்கார் ஆபீசில் வேலை பார்க்கிற நான் இதை நம்பினேனா என்று நீ கேட்கலாம். பாதி நம்பினேன். எனக்கே நீ மிதித்துவிட்டபோது சுகமாகத்தான் இருந்தது.

நம் மாவட்டம் தனியாகப் பிரிந்த வருஷம் அது. கார்த்திகை தீபத்துக்கு ஸ்பெஷல் பஸ் ஓட்டி ஓட்டி உன் அப்பா இடுப்பு ஒடிந்து வந்து கிடந்தார். தீபம் முடிந்து சில நாள் கழித்து, டூட்டிக்குக் கிளம்புகிற காலையில், காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டுப் பாயில் குப்புறப் படுத்தார். "டேய், வாடா. அப்பா முதுகைக் கொஞ்சம் பாரு." நீ ஸ்கூலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாய். வந்து லேசாக நீவினாய். "இன்னாடா பூனை மாதிரி மிதிக்கிற? ஏறி நில்லு. ரெண்டு காலையும் வச்சி நில்லு" என்றார். "வேணாம்பா, நீ கத்துவ" என்றாய். "ஊருக்கெல்லாம் மிதிக்கிற, அப்பனுக்கு மிதிக்க மாட்டியா? ஏறுடா." நீ என்னைப் பார்த்தாய். நான் அவருக்கு டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தேன். "சீக்கிரம் மிதிச்சி வுடு, அவருக்கு டைம் ஆவுது" என்றேன். நீ ஏறி நின்றாய். படக்கென்று ஒரு சத்தம் எனக்கும் கேட்டது. அவர், "உட்டுச்சுடா!" என்று சிரித்தார். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, உன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

அன்றைக்கு மத்தியானம் கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டியைத் திருப்பும்போது, கிளட்ச்சை மிதிக்க இடது காலைத் தூக்கியிருக்கிறார். கால் வந்தது, பாதம் வரவில்லை. விரல் பெடலுக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொண்டது. வண்டி துள்ளிக்கொண்டு போய் டீக்கடை பெஞ்சைத் தள்ளிவிட்டு நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. உன் அத்தை ஓடிவந்து ஒரு வேன் பிடித்து அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். கூடத்தில் அவரை உட்கார வைத்து, என்ன ஆயிற்று, எப்போது ஆயிற்று என்று கேட்டாள். காலையில் நீ மிதித்ததை நான்தான் சொன்னேன். நீ பையை மாட்டிக்கொண்டு ஸ்கூலிலிருந்து வந்து வாசலில் நின்றிருந்தாய். உன்னைப் பார்த்ததும் அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "பெத்த அப்பன் காலையே வாங்கிட்டியேடா, பாவி!" நான், "வாயை மூடுங்க அண்ணி" என்று கத்தினேன். அவளும் கெட்டவள் இல்லை, தம்பிமேல் உயிர். ஆனால் சொல் விழுந்துவிட்டது. உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். நீ அழவில்லை. அழுதிருந்தால் கொஞ்சம் கரைந்திருக்கும்.

அதற்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. ஆட்கள் வருவது நிற்கும் என்று நினைத்தேன், ஜாஸ்திதான் ஆயிற்று. அப்பன் காலையே வாங்கின கால் என்றால் அதில் எவ்வளவு சக்தி இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டு வந்தார்கள். நீ வைக்கோல்போருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாய். நான் அவர்களைத் திட்டித் துரத்துவேன். பிறகு நீ வீட்டுக்குள்ளும் சாக்ஸ் போட ஆரம்பித்தாய். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊர் உலகமே வெறுங்காலோடு நம் அடி அண்ணாமலை வீட்டைத் தாண்டிப் போகும், நீ மட்டும் சாக்ஸ் போட்ட காலைத் துணியால் மூடிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பாய். இப்போதும் அப்படித்தானாமே? கவிதா சொல்லி வருத்தப்பட்டாள். "குழந்தை அவரு கால்மேல ஏறி நிக்க வந்தாக்கூட நகர்த்தி உட்டுடறாரு அத்தை. ஏன்னு கேட்டா எழுந்து போயிடறாரு." நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது.

கால் எப்படிப் போயிற்று என்று டிப்போவில் கேட்டவர்களிடம், பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக உன் அப்பா சொன்னார். உனக்காகத்தான் அப்படிச் சொன்னார் என்று நான் அன்றைக்கு நினைத்தேன். வேலூருக்குக் கூட்டிப்போனபோது, தண்டுவட எலும்புக்கு நடுவில் இருக்கிற வட்டு தேய்ந்து பிதுங்கி நரம்பை நசுக்குகிறது, முதுகைத் திறந்து சரிசெய்ய வேண்டும் என்றார்கள். அந்த வார்டில் ஒருத்தர் கழுத்துக்குக் கீழிருந்து இடுப்பு வரைக்கும் தையலோடு குப்புறக் கிடந்தார். மாதக்கணக்காக அப்படியே இருக்கிறாராம். அதைப் பார்த்த மனுஷன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டார். "முதுகைத் தொறந்தா அப்புறம் யாருடி மூடுறது?" என்றார். மலைப்பாதையில் வண்டி ஓட்டினவருக்குக் கத்தி என்றால் அவ்வளவு பயம். அப்புறம் கடைசி வரைக்கும் டிப்போ கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மற்றவர்கள் ஓட்டுகிற வண்டி உள்ளே வருவதையும் வெளியே போவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கொண்டுபோனது நெஞ்சுவலிதான், கால் இல்லை. அதுவரைக்கும் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. உன்மேல் தப்பில்லை என்றும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த இரண்டாவதுதான் உன்னைத் தின்றது. எனக்கும் அதை அவர் வாயிலிருந்து பிடுங்கத் தெரியவில்லை.

என் முதுகுக்கு வருகிறேன். வேங்கிக்கால் ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்தே இத்தனை வருஷம் போயிற்று. முதலில் வெறும் இடுப்புவலிதான். பிறகு கொஞ்ச தூரம் நடந்தால் கால் இரண்டும் கடுத்துப்போய் மரத்துவிடும், குனிந்து எதையாவது பிடித்துக்கொண்டால் விடும். பஸ் ஸ்டாப்பிலிருந்து ஆபீஸ் போவதற்குள் இரண்டு கடை வாசலில் உட்கார வேண்டியிருந்தது. இதை உனக்குச் சொல்லாமல் நான்தான் மறைத்தேன். நம் வீட்டில் வலியை மறைப்பது ஏதோ கெட்டிக்காரத்தனம் என்று நடந்துவந்திருக்கிறது. உனக்கும் கம்ப்யூட்டர்முன் உட்கார்ந்து முதுகு பிடிக்கிறதாம், நீயும் யாரிடமும் காட்டவில்லையாம். போய்க் காட்டு. இந்த ஒரு விஷயத்தில் எங்கள் இரண்டு பேரைப் போல இருக்காதே. வலிக்கிறது என்று சொல்வதில் மானம் ஒன்றும் போய்விடாது.

அந்தப் போனுக்கு அப்புறம் கவிதா வந்து, நீ பார்த்துவைத்த டாக்டரிடம் என்னைக் கூட்டிப்போனாள். அவருக்கு உன் வயசுதான் இருக்கும். என் ஸ்கேனை விளக்கில் மாட்டிக் காட்டினார். கீழ் முதுகில் ஒரு எலும்பு இன்னொன்றின்மேல் முன்பக்கமாக வழுக்கி நிற்கிறது, நடுவில் இருந்த வட்டு பேருக்குத்தான் இருக்கிறது. அந்தத் தேய்ந்த வட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சின்னக் கூண்டு மாதிரி ஒன்றை வைத்து, எலும்புத் தூளை நிரப்பி, மேலும் கீழும் ஸ்க்ரூ போட்டுக் கம்பியால் பிடித்துவிடுவார்களாம். இரண்டு எலும்பும் ஒன்றாக ஒட்டிக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும், அதுவரைக்கும் ஸ்க்ரூ தாங்கும். "என் முதுகு இன்னா பெஞ்சா டாக்டர், ஸ்க்ரூ போட?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "பயப்படாதீங்கம்மா. அந்தக் காலம் மாதிரி முதுகைப் பொளக்க மாட்டோம். ரெண்டு பக்கமும் சின்னதாக் கீறி, சதையை வெட்டாம குழாய் வச்சி விலக்கி, எக்ஸ்ரேயில பாத்துக்கிட்டே செய்வோம். மறுநாள் எழுப்பி நடக்க வச்சிடுவோம்" என்றார். நரம்புக்கு ஆபத்து வரலாம், சீழ் பிடிக்கலாம், எலும்பு ஒட்டாமலும் போகலாம், வலி முழுசாகப் போகும் என்று சத்தியம் பண்ண மாட்டேன் என்பதையும் சொன்னார். ஒளிக்காமல் சொன்னதால் எனக்கு அவரைப் பிடித்தது. வேலூர் வார்டில் குப்புறக் கிடந்தவர் ஞாபகம் வந்து, உன் அப்பாவுக்கு இது கிடைக்காமல் போனதே என்று வயிறு எரிந்தது.

அப்புறம் அவர் என் பாதத்தைப் பிடித்து, மேலே தூக்கச் சொன்னார். எனக்குச் சரியாக வரவில்லை. எழுதிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார். "செருப்பு உங்களுக்குத் தெரியாமலே காலை விட்டுக் கழண்டுக்குதாம்மா?" நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன். கவிதா, "அத்தை, இன்னா ஆச்சு?" என்று தோளைப் பிடித்தாள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

கண்ணு, இதை நிதானமாகப் படி. அந்த வருஷம் உன் அப்பா ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இடது கால் செருப்பு எங்கேயோ போய்விட்டது, பஸ்ஸில் விட்டுவிட்டேன் என்றார். புதுசு வாங்கினோம், அதிலும் இடது கால்தான் போயிற்று. "ஒத்தச் செருப்பை எவளுக்குக் கொடுத்துட்டு வர்றீங்க?" என்று நான் கிண்டல்கூடப் பண்ணினேன். கழன்று விழுவது அவருக்கே தெரியவில்லை. கடைசியில் தீபாவளி ஜவுளி எடுக்கப் போனபோது, தேரடி வீதியில், பின்னால் வார் வைத்து இறுக்கிக் கட்டுகிற செருப்பாக நானே பார்த்து வாங்கிக்கொடுத்தேன். "போலீஸ்காரன் மாதிரி இருக்குதுடி" என்று முணுமுணுத்தார். உனக்கும் அன்றைக்குத்தான் புது ஷூ வாங்கினோம். தீபாவளி அன்றைக்கு நிலைப்படியில் கால் தட்டி, கையிலிருந்த பலகாரத் தட்டோடு விழப்பார்த்தார், நீதான் ஓடிப்போய்த் தட்டைப் பிடித்தாய். இதெல்லாம் தீபாவளிக்கு. நீ அவர்மேல் ஏறி நின்றது கார்த்திகை தீபம் முடிந்து. ஆபீசில் எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று பார்த்தே வயசானவள் நான், என் வீட்டில் நடந்ததற்கு மட்டும் முன்பின் பார்க்கத் தெரியாமல் இருந்திருக்கிறேன். நீ மிதிப்பதற்கு முன்னாலேயே அந்தப் பாதம் விழ ஆரம்பித்துவிட்டது.

அவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? இடது கால் பேச்சுக் கேட்கவில்லை என்று வெளியே சொன்னால் ஸ்டியரிங்கிலிருந்து இறக்கிவிடுவார்கள். அந்த மனுஷனுக்கு வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு எதிலும் ஆசை இருந்ததில்லை. அதனால் வெறும் இடுப்புப் பிடிப்பு என்று சொல்லிக்கொண்டார், தனக்குத் தானேயும் சொல்லிக்கொண்டார். அன்றைக்கு "ஏறி நில்லுடா" என்று உன்னை அதட்டியது விளையாட்டு இல்லை. டாக்டரிடம் போகப் பயந்து, கடைசி வழியாக உன் காலை நம்பிக் குப்புறப் படுத்திருக்கிறார். நினைக்க நினைக்க எனக்கு அவர்மேல் ஆத்திரமும் வருகிறது, அவரை மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போலவும் இருக்கிறது. அதன் பிறகும் வாயைத் திறக்கவில்லையே, அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. பதினோரு வயசுப் பிள்ளை சாக்ஸ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்?

இதோடு நிறுத்திவிட எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? இதோடு நிறுத்தினால் நீ அழுது முடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவாய். ஆனால் நான் மறுபடி டாக்டரிடம் உள்ளே போனேன். கவிதாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். "பையன் ஏறி நின்னதாலதான் கால் போச்சா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் அவசரப்படவில்லை. "செருப்பு கழண்டுதுன்னா, நரம்பு அதுக்கு முன்னாடியே நசுங்கிட்டிருக்குது. பையன் மிதிக்காட்டியும் அது போயிருக்கும்னுதான் நான் நினைக்கிறேன். மிதிச்சதுல கொஞ்சம் சீக்கிரமாவும் ஆயிருக்கலாம். அந்த நிலைமையில பலமாத் தும்மினாக்கூட ஆவும். இப்போ அதை யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பதில். பாதியை மட்டும் உனக்குச் சொன்னால் நானும் உன் அப்பா மாதிரி ஒளித்தவளாகிவிடுவேன். அதனால் முழுசாகச் சொல்லிவிட்டேன். இனி அந்தப் படக்கென்ற சத்தம் என்ன சத்தம் என்று நீயும் நானும் சாகும் வரைக்கும் யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆனால் நீ தனியாக யோசிக்க வேண்டாம், நானும் கூட இருக்கிறேன்.

உன் கால் சுத்தமாகக் காரணமே இல்லை என்று தெரிந்த பிறகுதான் நான் உன்னைக் கூப்பிடுகிறேன் என்று நினைக்காதே. அது தெரியாது. தெரியாமலேதான் கூப்பிடுகிறேன். அந்தக் கால்தான் அவர் காலை வாங்கியது என்று ஒரு டாக்டர் நாளைக்கு எழுதிக்கொடுத்தாலும் இப்படியேதான் கூப்பிடுவேன். நீ இல்லாமல் நடந்தால் நல்லபடியாக நடக்கும் என்றாய். நீ இல்லாமல் நடந்தால் அது எனக்கு நல்லபடி இல்லை. ஆபரேஷனுக்கு மறுநாள் என்னைக் கட்டிலிலிருந்து இறக்கி நிற்க வைப்பார்களாம், வீட்டு ஆள் யாராவது எதிரில் நின்று இரண்டு கையையும் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். கவிதா பிடிப்பாள், நர்ஸ் பிடிப்பாள், எனக்குத் தெரியும். நீ வந்து பிடிக்கிற வரைக்கும் நான் கட்டிலை விட்டு இறங்கப்போவதில்லை. இதை டாக்டரிடமும் சொல்லிவிட்டேன்.

அம்மா